பாவம் பலூனில், பழி புற்றுமண்ணில்

என் வயிற்றுக்குள் பதினொரு நாள் ஒரு பலூன் இருந்தது. அதற்கு நான் கட்டியது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு இருபத்தோராயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். இடமும் என்னுடையது, வாடகை கொடுத்தவனும் நான். இப்படி ஒரு குடித்தனத்தை வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

உடம்பு இப்போது தேறிவிட்டது. கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற விருப்பமும் எனக்கு இல்லை. 'கத்தியில்லை, தையலில்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு யோசனையில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். பலூன் வைத்த டாக்டரும் படித்தால் சந்தோஷப்படுவேன்.

நான் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது அறுபத்தெட்டு. சங்கரன்கோவிலில் நானும் என் மனைவி கோமதியும்தான். வலது முழங்கால் தேய்ந்து, சன்னதித் தெருவில் நாலு கடை தாண்டுவதற்குள் எங்கேயாவது உட்கார வேண்டியதாகிவிட்டது. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்தார். மூட்டு மாற்றலாம், ஆனால் நூற்றெட்டுக் கிலோவை வைத்துக்கொண்டு முடியாது, தொண்ணூறுக்குக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அறுவைக்கென்று வைப்புத்தொகையில் மூன்று லட்சம் போட்டிருந்தேன். பணம் தயார். கிலோதான் அதிகமாக இருந்தது.

ராத்திரி சோற்றை நிறுத்தினேன். பொரியல் எண்ணெயை நிறுத்தினேன். முட்டி நடக்க விடாததால் நடை இல்லை. மூன்று மாதத்தில் இறங்கியது இரண்டே கிலோ. அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலிக்குப் போன பேருந்தின் பின்புறத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன்.

திருநெல்வேலியில் அந்த மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தைப் பார்த்ததும் நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும். நோயாளி உட்காரும் நாற்காலிகள் எல்லாம் மெத்தை வைத்தவை. குளிரூட்டிய அறை. கண்ணாடிக் குவளையில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தண்ணீர். பிரவீன் என்று ஓர் இளைஞன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. நோயாளிகளிடம் பேசி, பணம் கட்ட வைத்து, உள்ளே அனுப்புவது அவன் உத்தியோகம்.

"அண்ணாச்சி, இது ஆப்ரேசனே கெடையாது. காலைல வந்திய, சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவிய. அரை வயிறு சாப்பிட்டாலே முழு வயிறு மாரி இருக்கும். ஆறு மாசத்துல பதினஞ்சு கிலோ தானா எறங்கும்."

"இன்சூரன்சு உண்டுமா?"

"ஒங்ககிட்ட பாலிசி இருக்குல்லா? பொறவு என்ன? மொதல்ல கட்டிருங்க, பில்லு எல்லாம் நான் தாரேன், க்ளெய்ம் போட்டுக்கிடலாம்."

"நான் மூட்டு வலிக்கு தெனம் ரெண்டு மாத்திர போடுதேன். பிரஷருக்கு ஒண்ணு."

"எல்லாம் போடலாம் அண்ணாச்சி. ஒண்ணும் செய்யாது."

இந்த 'ஒண்ணும் செய்யாது' என்ற இரண்டு சொற்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் என்னைப் பார்த்தது அதிகம் போனால் ஐந்து நிமிடம். அவர் மாத்திரை பற்றிக் கேட்கவில்லை. பிரவீனிடம் சொன்னது டாக்டருக்குப் போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் ஒரு மேசையில் கொடுத்த தாள் அடுத்த மேசைக்குப் போகாது என்று முப்பத்து நான்கு வருடம் பார்த்தவன், ஆஸ்பத்திரியில் மட்டும் போகும் என்று நம்பினேன்.

பலூன் என்றால் திருவிழாவில் விற்கிற பலூன் அல்ல. சிலிக்கான் பை. மயக்க மருந்து கொடுத்து, சுருட்டிய பையை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, அரை லிட்டருக்கு மேல் உப்புத் தண்ணீரை ஏற்றுவார்கள். அந்தத் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருக்கும். பை ஓட்டையானால் சிறுநீர் நீலமாகப் போகும், உடனே ஓடி வர வேண்டும். ஓடி வராவிட்டால் சுருங்கிய பை குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டு எடுத்துவிடுவார்கள். நான் கட்டிய தொகையில் வைப்பது, எடுப்பது, உணவு ஆலோசகரைப் பத்து முறை பார்ப்பது எல்லாம் அடக்கம். ரசீதில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

வைத்த அன்று சாயங்காலமே காரில் கிளம்பினோம். மானூர் தாண்டுவதற்குள் முதல் வாந்தி. தேவர்குளத்தில் இரண்டாவது. வீட்டு வாசலில் இறங்கும்போது ஓட்டுநர் என்னைப் பார்க்காமல் வண்டியின் இருக்கையையே பார்த்துக்கொண்டு வாடகையை வாங்கினார்.

முதல் மூன்று நாள் குமட்டலும் வயிற்றுப் பிடிப்பும் எல்லோருக்கும் வருமாம். இரைப்பை அந்நியப் பொருளை வெளியே தள்ளப் பார்க்கிறது, பிறகு பழகிவிடும். என்னுடைய இரைப்பை பழகவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இரண்டு மடக்காக வெளியே வந்தது. குனிந்தால் உள்ளே அது உருண்டது. படுத்தால் புளிப்பு தொண்டைக்கு ஏறியது. கோமதி இரண்டு தலையணைக்கு மேல் அரிசிச் சாக்கை மடித்து வைத்து என்னைச் சாய்த்து உட்கார வைத்தாள். நாக்கு காயும்போதெல்லாம் ஈரத்துணியால் உதட்டை ஒற்றினாள். பிரவீனுக்குத் தொலைபேசினேன். "நார்மல் அண்ணாச்சி" என்றான். மறுநாளும் நார்மல். அதற்கடுத்த நாள் அவன் எடுக்கவில்லை.

சங்கரன்கோவிலிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பொட்டாசியம் என்ற உப்பு குறைந்துவிட்டது, அது குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று சொல்லி மருந்து ஏற்றினார். வாந்தி நிற்கவில்லை.

ஏழாம் நாள்தான் கோமதி புற்றுமண் கொடுத்தாள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இடுவோம், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வோம். தோல் நோய், வயிற்று நோய் எதுவானாலும் இந்த ஊரில் முதல் மருந்து அதுதான், டாக்டர் இரண்டாவது. நான் டாக்டரை முதலில் வைத்துவிட்டேன் என்பதுதான் கோமதியின் கவலை. கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு, ஒரு சிட்டிகை மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஒரு பாலாடை எனக்குப் புகட்டினாள். அதுவும் வாந்தியில் போய்விட்டது. இவ்வளவுதான் புற்றுமண்ணின் கதை.

பதினோராம் நாள் காலையில் வந்த வாந்தி காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. உள்ளே கசிந்த ரத்தம் அமிலத்தில் கறுத்தால் அப்படித்தான் வரும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது கோமதியின் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. மறுபடியும் திருநெல்வேலி. குழாயை விட்டுப் பார்த்து, இரைப்பையில் இரண்டு புண் இருக்கிறதென்று, பலூனை எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்து என்னைச் சக்கரப் படுக்கையில் வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது, நடைபாதையில் டாக்டர் கோமதியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தப் பத்து நாள் என்னென்ன குடுத்தீங்க?"

கோமதி ஒன்றுவிடாமல் சொல்கிறவள். நீராகாரம், இளநீர், பார்லிக் கஞ்சி, மோர் என்று வரிசையாகச் சொல்லி, "ஒரு நா அம்பாள் புத்துமண்ணு கொஞ்சம்" என்றும் சொன்னாள்.

"மண்ணா?"

"பிரசாதம் டாக்டர். ஒரு சிட்டிகைதான்."

"மண்ண அள்ளி வயித்துல போட்டா புண்ணு வராம என்னம்மா வரும்? நாங்க லட்ச லட்சமா செலவழிச்சு மெஷின் வச்சிருக்கோம், நீங்க மண்ணக் கரைச்சுக் குடுத்து ஆளக் கொல்லப் பாத்துருக்கீங்க."

அங்கே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேரும் கோமதியைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் கூடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றாள். எனக்குத் தொண்டை ரணம், பேச்சு வரவில்லை. படுக்கை என்னை அவர்களைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டது.

டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது ரசீது வந்ததும் புரிந்தது. உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் பலூனை எடுத்தால் கட்டணம் இல்லை, அது முதலிலேயே கட்டிய தொகையில் அடக்கம். நோயாளி செய்த தவறால் எடுத்தால் தனிக் கட்டணம். ஐம்பத்தையாயிரம். மூன்று நாள் படுக்கை வேறு. ஒரு சிட்டிகை மண்ணை இவ்வளவு விலைக்கு விற்ற ஆளை நான் இதற்கு முன் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கோமதி மாறிவிட்டாள். தண்ணீர் கொண்டு வந்தால் வாசற்படியில் நின்று "குடுக்கட்டுமா?" என்பாள். ரசம் ஊற்றுமுன் "இது ஒங்களுக்கு ஆவுமா?" என்பாள். நாற்பத்தோரு வருடம் என்னைக் கேட்காமல் என் தட்டில் போட்டவள். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போவதை நிறுத்தினாள். எதிர்வீட்டுக்காரி, "மண்ணக் குடுத்து அண்ணாச்சிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டியாம்லா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். இவள் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள்.

நான் உள்ளூர் டாக்டரம்மாவிடம் இவளை அழைத்துக்கொண்டு போனேன். அவர் எல்லாத் தாள்களையும் பார்த்தார்.

"மண்ணு குடிக்கிறது நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு சிட்டிகை மண்ணுல இப்படிப் புண்ணு வராது. வாந்தி மொத நாளே ஆரம்பிச்சிருக்கு. மூட்டுவலி மாத்திரைய அவங்க நிறுத்தச் சொல்லலையா?"

"போடலாம்னுல்லா பிரவீன் சொன்னான். தெனமும் போட்டேன்."

"அந்த மாத்திரை வெறும் வயித்துலயே புண்ணு போடும். பலூனும் உள்ள உரசிக்கிட்டு இருந்தா? ஒங்க வயசுக்கே ரெண்டு தடவ யோசிச்சிருக்கணும்."

வெளியே வந்து, "கேட்டியாட்டி?" என்றேன். கோமதி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"இந்த டாக்டரம்மா என் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு சொல்லுதாவ. கொழாய விட்டுப் பாத்தவரு அவருல்லா?"

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. நானும் சொல்லி ஆகாது, வேறு டாக்டர் சொல்லியும் ஆகாது. பழியைப் போட்ட வாயேதான் எடுக்க வேண்டும்.

நடுவில் காப்பீட்டு நிறுவனத்தின் பதில் வந்தது. எடையைக் குறைக்கும் சிகிச்சைக்கு அவர்கள் பணம் தருவதில்லையாம். மிகவும் பருத்த உடம்புக்கு, சில நிபந்தனைகளோடு, அறுவை சிகிச்சை என்றால் உண்டு. இது அறுவை சிகிச்சை இல்லையே என்று எழுதியிருந்தார்கள். கத்தியில்லை தையலில்லை என்று எந்தப் பெருமையைச் சொல்லி விற்றார்களோ, அதே பெருமையைக் காட்டி இவர்கள் கையை விரித்தார்கள். பணம் கட்டுமுன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். விற்கிறவனிடம் கேட்காதீர்கள். நான் தணிக்கைக்காரனாக இருந்தும் விற்கிறவனிடம் கேட்டேன்.

மூட்டுக்கு வைத்திருந்த மூன்று லட்சமும் போய்விட்டது. இறங்கியது ஆறு கிலோ, அதில் நான்கு திரும்பி வந்துவிட்டது. என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். உணவு ஆலோசகரைப் பார்க்கும் பத்து முறையில் ஒன்பது பாக்கி.

சனிக்கிழமை அங்கே கூட்டம் அதிகம். முதல் பேருந்தைப் பிடித்து, அவர்கள் கூடத்தைத் திறக்கும்போதே போய் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தேன். பிரவீனுக்கு முகம் வெளுத்தது.

"அண்ணாச்சி, ஒங்களுக்குத்தான் பலூனே இல்லல்லா? டயட்டீஷியன் எதுக்கு?"

"பத்து தடவைக்கும் சேத்துத்தானவே பணம் வாங்குன? ஒரு தடவைதான் பாத்துருக்கேன். மிச்சத்த யாருக்குக் குடுக்கப் போற?"

"சரி, மத்தியானம் மூணு மணிக்கு வாங்க."

"வெயில்ல முட்டி வலிக்கும். இங்கனயே இருக்கேன்."

உட்கார்ந்தவன் சும்மா இருப்பேனா? பக்கத்தில் கடையநல்லூரிலிருந்து ஓர் இளம்பெண் தன் தாயோடு வந்திருந்தாள். கணவர் துபாயில் இருக்கிறாராம். தங்கையின் கல்யாணத்துக்கு முன் இளைத்துவிட வேண்டும் என்று பணம் அனுப்பியிருக்கிறார்.

"நீங்க வச்சிருக்கியளா பெரியவரே? நல்லா இருக்கா?" என்று அவளே கேட்டாள்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. மானூரிலிருந்து ஆரம்பித்து, காப்பித்தூள் வரை சொன்னேன். சில பேருக்கு இது ஒத்துக்கொண்டு எடை குறைந்திருக்கிறது, அதுவும் உண்மை என்று சொன்னேன். எடுத்த பிறகு சாப்பாட்டை மாற்றாவிட்டால் எடை திரும்ப வரும் என்றும் சொன்னேன். விலையைச் சொன்னேன். காப்பீடு கிடைக்காது என்றேன்.

"யா அல்லா!" என்றாள் தாய். "ஏம்மா, ஓம் மாப்பிள சம்பாதிக்கத வாந்தியாவா எடுக்கப் போற? எந்திரி."

"உம்மா, இரும்மா, டாக்டர பாத்துட்டு…"

"டாக்டர் என்ன சொல்லுவாரு? வாங்கன்னுதான் சொல்லுவாரு. கல்யாணத்துக்குப் பெரிய சைசுல சுடிதார் தச்சுக்கிடலாம், நட."

அவர்கள் போனபோது நான் அனுபவித்த நிறைவை மறைக்கப் போவதில்லை. பணிக்காலத்தில் பெரிய கையாடலைப் பிடித்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

ஐந்து சனிக்கிழமை போனேன். மொத்தம் ஒன்பது பேர் எழுந்து போனார்கள். ஒன்பதை இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தால் பெருக்கினால் இருபத்தொன்றரை லட்சத்துக்கு மேல். உணவு ஆலோசகர் பாவம், சின்னப் பெண். ஒவ்வொரு முறையும் கேழ்வரகுக் கஞ்சியைப் பற்றி அதே பாடத்தைச் சொல்லும். நானும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வருவேன்.

ஐந்தாவது சனிக்கிழமை டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதல்முறையாக எனக்கு நாற்காலி காட்டினார்.

"சார், படிச்சவங்க நீங்க. எதுக்கு இப்படி? அந்த ஐம்பத்தையாயிரத்த திருப்பித் தந்துர்றேன். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

வாசித்தேன். வீட்டில் மண் உட்கொண்டதால் வந்த கோளாறு, மருத்துவமனைக்குப் பொறுப்பில்லை, இனி வரமாட்டேன் என்று இருந்தது.

"இதுல போட மாட்டேன்."

"பின்ன என்னதான் வேணும்?"

"எட்டுப் பேரு முன்னால எம் பொண்டாட்டிய கொலைகாரின்னீங்க. அவட்ட உள்ளதச் சொல்லுங்க."

"அவ்வளவுதானா?" என்று சிரித்தார். அவருக்கு அது மலிவாகத் தெரிந்திருக்கிறது.

தொலைபேசியில் கோமதியைக் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

"அம்மா, நான் டாக்டர் பேசுறேன். நீங்க குடுத்த மண்ணால ஒண்ணும் ஆகலை. மூட்டுவலி மாத்திரையும் பலூனும் சேந்து வந்த புண்ணு அது. சரியா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒருமுறை கேட்டது.

"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா டாக்டர்?" என்றாள் கோமதி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அன்னைக்கு… கொஞ்சம் டென்ஷன்ல…"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா."

கோமதி தொடர்பைத் துண்டித்துவிட்டாள். டாக்டர் தாளை மறுபடி என் பக்கம் நகர்த்தி, "அப்போ இனிமே வரமாட்டீங்கல்லா?" என்றார். மண் என்று இருந்த வரியை அடித்துவிட்டார். வரமாட்டேன் என்ற வரி இருந்தது. நான் பேனாவை மூடி அதன்மேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஐம்பத்தையாயிரம் அந்த அறையிலேயே கிடக்கிறது. பேருந்தில் ஏறிய பிறகு அது நெஞ்சை அறுக்கத்தான் செய்தது. முட்டியும் வலித்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கோமதி தட்டை வைத்தாள். சுடுசாதம், அவரைக்காய்ப் பொரியல், ரசம். எதையும் கேட்கவில்லை. நான் போதும் என்று கையை மறித்தும் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் எத்தன தடவ பாக்கி இருக்கு?"

"நாலு."

"வார சனிக்கெழம நானும் வாரேன்."

"நீ எதுக்குட்டி? அலைச்சல்."

"தெரிஞ்சிக்கிட்டே சொல்லிருக்கான்லா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சனிக்கிழமை கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிரவீன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். கோமதி கூடத்தின் நடுவில் இருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் பருமனான ஒரு பெண் ரசீதுக் கவுண்டரைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் வாயைத் திறக்குமுன் கோமதி பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

"பலூனா தாயி? பணத்த இன்னும் கெட்டலல்லா? இங்கன வந்து உக்காரு. மொதல்ல என்னென்ன மாத்திர போடுதேன்னு சொல்லு."